வீட்டு வாடகையும் யூரியா மூட்டையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டுக்காரர் 6,000 ரூபாய் வாடகையை அடுத்த மாதமே 10,000 ஆக்கச் சொல்கிறார். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது. கோர்ட் நிர்ணயிக்கும் 'நியாய வாடகை' கேட்டு மனுப் போடலாமா? (கும்பகோணம்)

பதில்: முடியாது. நியாய வாடகைக்கு வழி செய்த 1960-ஆம் வருடச் சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வாடகை. அதுவே இப்போது உங்களுக்குக் காவல். எட்டு மாதமும் 6,000 கொடுங்கள். உங்களை வீட்டிலிருந்து கிளப்புவதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால், வாடகை அதிகாரியாக இருக்கும் துணை ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள்.

கேள்வி: பெட்ரோல் விலையை அரசு ஏன் கட்டுப்படுத்துவதில்லை? (திருவாரூர்)

பதில்: 2010 ஜூனில் பெட்ரோலையும், 2014 அக்டோபரில் டீசலையும் கட்டுப்பாட்டிலிருந்து விட்டாயிற்று.

கேள்வி: சம்பாவுக்கு மேலுரம் போட யூரியா கேட்டால், இலையில் தெளிக்கும் நானோ யூரியா பாட்டிலும் எடுத்தால்தான் தருவேன் என்கிறார் கடைக்காரர். (நீடாமங்கலம்)

பதில்: அடாவடி. 1992-இல் டி.ஏ.பி., பொட்டாஷ் உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியபோதும் யூரியாவை விடவில்லை. இன்றும் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுதான். அதில் ஏற்ற முடியாத லாபத்தை, கட்டுப்பாடில்லாத சரக்கை நம் தலையில் கட்டி எடுக்கிறார்கள். கம்பெனியே எங்களுக்கு இப்படித்தான் அனுப்புகிறது என்பார் கடைக்காரர். அதில் உண்மை உண்டு. அதற்காக உழவர் ஏன் அழ வேண்டும்? தூர் கட்டும் பயிர் பத்து நாள் பொறுக்காது என்று தெரிந்தே செய்கிறார்கள். என்னிடமும் இப்படித்தான் துத்தநாகப் பொட்டலத்தைத் திணித்தார்கள். மண் பரிசோதனையில் அந்த வயலில் துத்தநாகம் போதுமான அளவு இருந்தது. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. பிழைப்புக்கு உழும் விவசாயியும் நுகர்வோர்தான். பாட்டிலும் சேர்ந்த பில்லைக் கேட்டு வாங்கி, வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை.

கேள்வி: 3 லட்சம் கொடுத்து வீட்டை ஒத்திக்கு எடுத்தேன். பத்திரம் எழுதவில்லை. வீடு பேங்க் அடமானத்தில் இருக்கிறதாம். (மயிலாடுதுறை)

பதில்: 100 ரூபாய் ஒத்தியையே பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம், நீங்கள் 3 லட்சத்தை வாய்ப்பேச்சில் கொடுத்திருக்கிறீர்கள். வில்லங்கச் சான்றாவது பார்த்தீர்களா? பணம் பேங்க் வழியாகப் போயிருந்தால் அந்தக் கணக்குத் தாளோடு இன்றே வக்கீலைப் பாருங்கள்.