வாசகர் கேள்வி: ரோமாபுரியைக் கவிழ்த்தது மிளகா?

கேள்வி: அழகன்குளம் கோட்டைமேட்டில் கிடைத்த ரோமக் காசுகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், முத்துக்கும் மிளகுக்கும் பொன்னை வாரிக் கொடுத்தே ரோமாபுரி ஓட்டாண்டியாகி விழுந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். மாணவர்களும் அதையே எழுதுகிறார்கள். இது மெய்தானா?
– பள்ளி ஆசிரியை ஒருவர், ஆற்றங்கரை

பதில்: ஊர்ப் பெருமைக்கு இனிப்பான பேச்சுத்தான், ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. இதற்கு வேர், பிளினி என்ற ரோம எழுத்தாளரின் புலம்பல். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த அவர், இந்தியா ஆண்டுதோறும் தம் நாட்டிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று எழுதிவைத்தார். அக்காலப் படைவீரர் ஏறத்தாழ 55,000 பேருக்கு ஓராண்டுச் சம்பளம் அது. சிறு தொகை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் இறந்து நாற்பது ஆண்டுகள்கூட ஆகாத 117இல், டிராஜன் ஆட்சியின் இறுதியில், பேரரசு என்றுமில்லாத அளவுக்குப் பரந்திருந்தது. மேற்கு ரோம் சாய்ந்ததோ அதற்கும் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு. தவிர, செங்கடல் துறைகளில் வந்திறங்கிய கீழைச் சரக்கில் நான்கில் ஒரு பங்கை அரசு சுங்கமாக வாங்கிக்கொண்டது. பிளினியின் புலம்பலில் செலவு இருக்கிறது, இந்த வரவு இல்லை.

உண்மையான நோய் படைச் சம்பளத்தில் இருந்தது. ரைன், டான்யூப், யூப்ரடீஸ் என்று மூன்று ஆற்றெல்லைகளிலும் ஓயாமல் படை நிறுத்தவேண்டியிருந்தது. 235 முதல் 284 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்டோர் அரியணை ஏறினர். அவர்களில் பலரை ஏற்றியதும் இறக்கியதும் படையே என்பதால், ஒவ்வொருவரும் முதலில் படையின் கையை நிரப்பவேண்டியிருந்தது. வெள்ளி போதவில்லை. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய முழு வெள்ளியாக இருந்த காசு, 270ஐ ஒட்டிய ஆண்டுகளில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லாமல் போயிற்று; மேற்பூச்சு தேய்ந்தால் செம்பு பல்லைக் காட்டும். இந்தக் கலப்படம் சிறிய அளவில் நீரோ காலத்திலேயே, கி.பி. 64இல், நடந்திருந்தது. அப்போதே நம் வணிகர் கண்ணில் மண்ணைத் தூவ முடியவில்லை போலும்: தமிழகப் புதையல்களில் கிடைக்கும் வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அதற்கு முற்பட்ட அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே.

இந்தச் சரிவிலிருந்து பேரரசு மீண்டது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பேரரசர் டயோகிளீஷியன் நிர்வாகத்தைச் சீரமைத்தார். அவருக்குப் பின் வந்த கான்ஸ்டன்டைன் தரமான பொற்காசு அடித்தார். மீளாத அடி அடுத்த நூற்றாண்டில்தான் விழுந்தது. நாடோடிப் படையினரான ஹூணர்களுக்கு அஞ்சி 376இல் டான்யூபைக் கடந்து தஞ்சம் புகுந்த கோத் மக்களை அதிகாரிகள் பட்டினி போட்டுச் சுரண்டினார்கள். அவர்கள் திருப்பி அடித்தபோது, 378இல் ஏட்ரியநோபிளில் பேரரசர் வாலன்ஸே களத்தில் மாண்டார். 395இல் பேரரசர் தியடோசியஸ் இறந்ததும் ஆட்சி கிழக்கு, மேற்கு என அவருடைய இரு பிள்ளைகளிடம் பிரிந்தது. 406 முடிவில் ஜெர்மானிய இனத்தவரான வாண்டல்கள் முதலானோர் ரைனைக் கடந்தனர்.

ஆனால் என்னைக் கேட்டால், 410இல் ரோம் நகர் சூறையாடப்பட்டதைவிட 439இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர் வாண்டல்களிடம் பறிபோனதையே பெரிய அடியாகச் சொல்வேன். மேற்கின் கொழுத்த வரியும் ரோம் நகரத்துக்குத் தானியமும் வட ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தன. இராமநாதபுரத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்; வரத்துக்கால் அடைபட்ட பிறகு மடையைப் பழுதுபார்த்து என்ன பயன்? ஆப்பிரிக்கா போனதால் வரி குறைந்தது, வரி குறைந்ததால் படை சுருங்கியது, படை சுருங்கியதால் மேலும் மாகாணங்கள் போயின. அதை மீட்க 468இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து அனுப்பிய பெருங்கடற்படையை வாண்டல்கள் தீக்கப்பல்களை ஏவி எரித்தனர். 476இல் இத்தாலியப் படையாட்கள் நிலம் கேட்டுக் கிளர்ந்தபோது, அவர்கள் தலைவன் ஓடோவாக்கர் ரோமுலஸ் என்ற சிறுவனை அரியணையிலிருந்து இறக்கி ஓய்வூதியம் கொடுத்து அனுப்பினான். பேரரசின் முடிவு என்று பாடநூல் சொல்லும் நிகழ்ச்சி இவ்வளவுதான்.

அப்போது எகிப்து, சிரியா வரிகளைக் கையில் வைத்திருந்த கிழக்குப் பேரரசு 1453 வரை நீடித்தது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கோட்டைமேட்டுக்கு வாருங்கள்: அங்கே கிடைத்த காசுகளில் இரண்டாம் வாலன்டினியன் (375–392) காலத்ததும் உண்டு. ஏட்ரியநோபிள் தோல்வியை ஒட்டிய காலத்துச் சில்லறை வைகை முகத்துவாரம் வரை வந்திருக்கிறது; வணிகம் ரோமைக் கொன்றிருந்தால், சாகக் கிடந்தவன் காசு இத்தனை தொலைவு வந்திருக்காது.

கேள்வி: ரோமானியர் கடைசிவரை மிளகு வாங்கினார்களா?
– மண்டபம் வாசகர் ஒருவர்

பதில்: வாங்கினார்கள். மிளகு சேர நாட்டு மலைச்சரக்கு. உங்கள் கடற்கரையின் சரக்கு முத்தும் சங்கும். 408இல் கோத் தலைவன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டபோது, விலகிப் போவதற்கு 5,000 இராத்தல் பொன், 30,000 இராத்தல் வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள் ஆகியவற்றோடு 3,000 இராத்தல் மிளகும் கேட்டான். இன்றைய எடையில் ஏறத்தாழ ஒரு டன். பட்டினியில் கிடந்த நகரம் அதையும் கொடுத்தது.