ரீ: ரயில் ஷோல பழைய எஞ்சின் வாங்கலாமா?

பையனுக்கு அஞ்சு வயசு, வீட்ல எச்ஓ (மாடல் ரயில்ல ஒரு அளவு) ட்ராக் இருக்கு, ஜனவரில அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல இருக்கிற வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்ட் மாடல் ரயில் ஷோக்கு போறோம், அங்க செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்கினா ஓடுமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா வாங்கலாம், ஆனா ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க.

நான் ஒரு தடவை டேபிள்ல இருந்த டீசல் எஞ்சினோட பெயின்ட்ல மயங்கி அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன், வீட்ல ஓட்டினா டிக் டிக்னு நொண்டுது, அடியில கழட்டிப் பாத்தா அச்சுல இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல்! அதனால விக்கிறவர்கிட்ட டெஸ்ட் ட்ராக் கேளுங்க, ரொம்ப மெதுவா முன்னாடியும் பின்னாடியும் ஓட விடுங்க, வேகமா ஓடினா குறை தெரியாது.

எச்ஓன்னா நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு அளவு (1:87), தண்டவாள அகலம் 16.5 மி.மீ. பிரிட்டிஷ்காரங்களோட ஓஓ அளவு 1:76, இருந்தாலும் அதே ட்ராக்ல ஓடும், கொஞ்சம் பெருசா தெரியும், பையன் கண்டுக்க மாட்டான். உங்க கண்ட்ரோலர் டிசியா (சாதாரண நேர்மின்சாரம்) டிசிசியான்னு (டிஜிட்டல் கட்டளை அனுப்புறது) பாத்துட்டு போங்க, அந்தக் கட்டளையைப் புரிஞ்சுக்கிற டீகோடர் சிப் இல்லாத எஞ்சினை டிசிசி ட்ராக்ல நிறுத்தி வச்சா மோட்டார் ரீங்காரம் போட்டுட்டே சூடாயிடும்.

அப்புறம் மடக்குற குட்டி ஸ்டூல் ஒண்ணு எடுத்துக்கோங்க, ஷோல ரயில் ஓட்டிக் காட்டுற லேஅவுட் நிறைய பெரியவங்க நெஞ்சு உயரத்துல இருக்கும், இல்லேன்னா நாலு ஹாலும் அவனைத் தோள்ல சுமக்கணும். ஒரு ஹால்ல இருந்து இன்னொண்ணுக்கு வெளிய குளிர்லதான் நடக்கணும், குல்லா மறந்துடாதீங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பேரம் படியும், ஆனா நல்ல சரக்கெல்லாம் சனிக்கிழமை காலையிலயே போயிடும்.