பன்னிரண்டு ஆண்டு கற்பித்தபின் வகுப்பறைக்குள் நுழையவே மனம் வரவில்லை, இது சோம்பலா?

மண்டபம் அருகே தொடக்கப் பள்ளியில் பணியாற்றும் தாங்கள் கேட்டிருக்கும் இக்கேள்விக்கு, இது சோம்பல் அன்று என்பதே என் பதில். உலக சுகாதார அமைப்பு 2019-இல் பணிச்சோர்வை நோயாகக் கருதாமல், சமாளிக்கப்படாது நீளும் பணியிட நெருக்கடியின் விளைவாக வரையறுத்து, ஆற்றல் வற்றுதல், வேலைமீது விலகலோ கசப்போ தோன்றுதல், தன் திறன் குறைந்ததாக உணர்தல் என மூன்று கூறுகளைச் சுட்டியது.

பாம்பன் பகுதியில் நான் பணிபுரிந்தபோது, கைபேசியைச் சன்னல் கம்பியருகே உயர்த்திப் பிடித்து வருகைப்பதிவு ஏறுமா என்று காத்திருக்க, விடியலில் தந்தையோடு கரைவலை இழுத்துவிட்டு வந்த சிறுவன் முதல் பாடவேளையிலேயே மணல் ஒட்டிய கையைத் தலைக்கு வைத்து உறங்கிவிடுவான், அந்த உறக்கத்தை என் தோல்வியாகவே கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன் (எத்தனை அபத்தம்!).

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்படும் 61 நாள் தடையில், விசைப்படகுகளைக் கரையேற்றி, அடிப்பலகையைச் சுரண்டி, வண்ணம் பூசுவதை நம் ஊரில் யாரும் சோம்பல் என்பதில்லை. விடுமுறையில் தாங்களும் பதிவேடுகளைத் தொடாதீர்கள். பதிவேற்றச் சுமையை முறைவைத்துப் பிரித்துத் தருமாறு தலைமையாசிரியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். உறக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கக்கூடும். 14416 என்ற, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.