பேருக்குப் பின்னால எழுத்து வந்திட்டு, மறுகா என்ன செய்யிற?

கேள்வி: காரைதீவில இருந்து எழுதுறன், வயசு 34, ஏழு வருஷமா லைஃப் இன்சூரன்ஸ் ஏஜன்ட். அமெரிக்காவில இரிக்கிற அண்ணன் காசு கட்ட, ஒன்லைன்ல சீஆர்பீசி எண்ட ஓய்வுகாலக் காசுத் திட்டக் கோர்ஸ் படிச்சி பாஸாகிட்டன். கார்டில போட்டன், பேஸ்புக்ல போட்டன், நூறு பேர் வாழ்த்துச் சொன்னாங்க, ஆலோசனை கேட்டு ஒரு ஆள் வரல்ல. ரோட்டோரமா "அமெரிக்க அங்கீகாரம் பெற்ற ஓய்வூதிய ஆலோசகர்" எண்டு பெரிய பேனர் ஒண்டு அடிக்க யோசிக்கிறன். இத எப்படி சனத்துக்குத் தெரிய வைக்கிற, எப்படி விடாம வெச்சிருக்கிற?

பதில்: தங்கச்சி, என்ட வாழ்த்து நூத்தியொண்டாவதா இரிக்கட்டும், வேலையும் பாத்துக்கொண்டு இங்கிலீஷ்ல படிச்சி பாஸ் பண்றது லேசான விஷயமில்ல. ஆனா அந்த பேனர் வேணாம், ஏனெண்டு கடைசில சொல்றன்.

மொதல்ல உங்கட கையில இரிக்கிறது என்ன எண்டு நீங்களே தெளிவா இரிக்கணும். சீஆர்பீசி, அதாவது சார்ட்டர்ட் ரிட்டயர்மென்ட் பிளானிங் கவுன்சிலர் எண்ட பட்டத்தக் குடுக்கிறது காலேஜ் ஃபோர் பைனான்சியல் பிளானிங் எண்ட கல்வி நிறுவனம், அமெரிக்க அரசாங்கம் இல்ல. அதில படிச்சதில பாதிக்கு மேல அவங்கட சோஷல் செக்யூரிட்டி (அரசாங்க ஓய்வுகாலக் கொடுப்பனவு), ஃபோர் ஓ ஒன் கே (வேலை செய்யிற இடத்து ஓய்வுகாலச் சேமிப்பு), அவங்கட வரி. கல்முனை பசார்ல ஒரு ஆளிட்டயும் ஃபோர் ஓ ஒன் கே இல்ல. மிச்சப் பாதிதான் உங்கட முதல்: வேலைய விட்ட பிறகு மாசம் எவ்வளவு வேணும், இரிக்கிற காசு எத்தின வருஷத்துக்குத் தாங்கும், எதில இருந்து மொதல் எடுக்கிற, விலைவாசி ஏறினா என்ன ஆகும் எண்ட அந்தக் கணக்கு. அது எந்த ஊருக்கும் பொருந்தும், ஆனா அதுக்குள்ள நம்மட இலங்கைச் சட்டத்த நீங்கதான் போட்டு நிரப்பணும்.

பேர்லயே ஒரு சிக்கல் இரிக்கி. நம்மட பக்கத்தில பென்சன், ஓய்வூதியம் எண்டாலே கவர்மென்ட் வேலதான். "ஓய்வூதிய ஆலோசகர்" எண்டு கார்டு அடிச்சிப்போட்டு நான் பட்ட பாடு, காலையில ஆறரைக்கே வாசல்ல ஒரு ரிட்டயரான வாத்தியார் பைலோட வந்து நிப்பாரு, நிலுவை எப்ப வரும் எண்டு கேட்டு. அதனால கார்டில, "ஈபிஎப், ஈடிஎப், கிராஜுவிட்டி, வேலை முடிஞ்ச பிறகு காசுக் கணக்கு" எண்டு செய்யிற வேலையப் பெருசாப் போடுங்க (ஈபிஎப் ஊழியர் சேமலாப நிதி, ஈடிஎப் ஊழியர் நம்பிக்கை நிதி, கிராஜுவிட்டி வேலைய விடக்குள்ள குடுக்கிற பணிக்கொடை), எழுத்து நாலும் பேருக்குப் பக்கத்தில சின்னதா இரிந்தாப் போதும்.

இனி ஆள் எங்க இருந்து வரும்? பேஸ்புக்ல இருந்து வராது. கார்மென்ட்ஸ், சுப்பர்மார்க்கட், தனியார் கிளினிக், நெல் ஆலை, இப்படி பதினஞ்சி இருபது பேர் வேல செய்யிற இடத்துக்குப் போய், முதலாளிட்ட கேட்டு, சாப்பாட்டு நேரத்தில அரை மணித்தியாலம் இனாமாப் பேசுங்க, பொலிசி ஒண்டையும் எடுத்து நீட்டாம. என்ன பேசுறதெண்டா, சம்பளத்தில 8 வீதம் வெட்டுறாங்களே, அதுக்கு மேல முதலாளி 12 வீதம் ஈபிஎப்புக்குப் போடணும், ஈடிஎப்புக்கு வேறயா 3 வீதம், அது உங்கட சம்பளத்தில வெட்டக் கூடாத காசு. இத மட்டும் சொன்னாலே நாலு பேர் சம்பளச் சீட்டக் கொண்டந்து காட்டுவாங்க (முதலாளிக்கு முகம் கொஞ்சம் கறுக்கும், அதுக்கும் தயாரா இரிங்க).

கிராஜுவிட்டிய நிறையப் பேருக்குத் தெரியாது. 1983ம் ஆண்டுச் சட்டப்படி 15 பேரும் அதுக்கு மேலயும் வேல செய்யிற இடத்தில, அஞ்சி வருஷம் முடிச்ச ஆள் வேலைய விடக்குள்ள ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாசச் சம்பளம் குடுக்கணும். கடைசிச் சம்பளம் 60,000, பன்னெண்டு வருஷம் செஞ்சா 3,60,000 ரூபா. இந்தக் கணக்க ஒரு தாள்ல போட்டுக் காட்டினீங்க எண்டா அந்த ஆள் சாகும்வரைக்கும் உங்கட பேர மறக்கமாட்டார், சீஆர்பீசி எண்டா என்ன எண்டு கேக்கவும் மாட்டார்.

நம்மட ஆக்களுக்கு உண்மையில ஆலோசனை தேவப்படுற இடம் ஒண்டு இரிக்கி, அது மகளுக்குக் கட்டுற வீடு. ஈபிஎப்ப பொம்பிளைக்கு 50லயும் ஆம்பிளைக்கு 55லயும் எடுக்கலாம், ஆனா 2021ல வந்த சட்டத்தோட தனியார் துறைல 60 வரைக்கும் வேல செய்யலாம். நடக்கிறது என்னண்டா 50ல காச எடுத்து சீதன வீட்டுக்குத் தட்டுப் போட்டு டைல்ஸ் ஒட்டி முடிச்சிப்போட்டு, 60ல வேலையும் நிண்ட பிறகு கைய விரிச்சிக்கொண்டு இரிக்கிறது. வீடு கட்டாதீங்க எண்டு சொல்ல ஏலா, சொன்னா அடுத்த நாள் உங்கள வீட்டுக்குள்ள எடுக்கமாட்டாங்க. எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு தொடாம வைக்கிற எண்டு பிரிச்சிக் காட்டலாம், அதுதான் நீங்க படிச்ச படிப்பு.

இன்னொண்டு, "ஈபிஎப்ப நம்பலாமா" எண்டு கேப்பாங்க. பூசி மெழுகாதீங்க. 2022ல ஈபிஎப்புக்கு 9 வீதம் வட்டி போட்டாங்க, அந்த வருஷம் செப்டம்பர்ல கொழும்பு விலைவாசி ஏற்றம் 69.8 வீதம். காசு தொலையல்ல, அதால வாங்கக்கூடிய சாமான்தான் கொறஞ்சது. காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் வட்டி வேணாம் எண்டு சொல்ற ஆக்களோட வாதாடாம தகாபுல் (வட்டியில்லாத இஸ்லாமிய முறைக் காப்புறுதி) எப்படி வேல செய்யிது எண்டு படிச்சி வையுங்க.

மறுகா, பட்டத்தக் காப்பாத்திற விஷயம். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா 16 மணித்தியாலம் தொடர் படிப்புக் காட்டணும், நடத்தை விதிக்கு திரும்ப ஒத்துக்கொள்ளணும், காசும் கட்டணும். பதினாறு எண்டாப் பயமா இரிக்கும், பிரிச்சிப் பாத்தா மாசத்துக்கு நாப்பது நிமிஷம். கடைசி மாசத்துக்கு எண்டு விட்டீங்களோ துலைஞ்சீங்க, ஏனெண்டா அங்க பகல் ஒரு மணி வெபினார் நம்மளுக்கு ராத்திரி பத்தரை, சில மாசத்தில பதினொண்டரை, புள்ளைய நித்திரையாக்கிப்போட்டு இரிந்தா நமக்கும் கண் சொக்கும். ஒவ்வொரு சேர்ட்டிபிகேட்டையும் அண்டைக்கே டவுன்லோட் பண்ணி ஒரு போல்டர்ல போடுங்க. கட்டுற காசு டொலர்ல. 2022 தொடக்கத்தில 200 ரூபா கிடந்த டொலர் மே மாசம் 360க்குப் போனத நாம பாத்தம், அதனால அண்ணன நம்பி இரிக்காம மாசம் மாசம் ஒரு தொகைய ஒதுக்குங்க.

எனக்கு இதில ஒரு அவமானம் நடந்திரிக்கி. வேற ஒரு பட்டம், புதுப்பிக்க மறந்து ஏழெட்டு மாசம் போயிட்டு, கார்டில எழுத்து அப்படியே கிடந்திச்சி. ஒரு ரிட்டயரான அதிபர் என்ட கார்டப் பாத்துப்போட்டு போன்ல அந்த நிறுவனத்தின்ட பட்டியல்ல தேடினார், என்ட பேர் இல்ல. ஒண்டும் சொல்லாம டீய மட்டும் குடிக்கத் தந்து அனுப்பிட்டார். காலாவதியான எழுத்தப் போட்டுக்கொண்டு திரியக் கூடாது, ஒரு நாள் கூட.

பட்டம் லைசன்ஸ் இல்ல எண்டதையும் மறக்காதீங்க. நீங்க இன்சூரன்ஸ் விக்கிறது 2000ம் ஆண்டின் 43ம் இலக்கச் சட்டத்தின் கீழ பதிஞ்ச ஏஜன்டா இரிக்கிறதால. எந்த ஷெயார் வாங்கு, எத வில் எண்டு சொல்ல வெளிக்கிட்டா அது பங்குச்சந்தை ஆணைக்குழுட எல்லை, அதுக்கு வேற அனுமதி வேணும். ஆர்ட காசையும் உங்கட கணக்கில வாங்கி வைக்கவே கூடாது, தெரிஞ்ச மாமியெண்டாலும் சரி. பேசத் தொடங்கக்குள்ளயே, "நான் இந்தக் கம்பெனிட ஏஜன்ட், நீங்க பொலிசி எடுத்தா எனக்குக் கொமிஷன் வரும், கணக்குப் பாக்கிறதுக்கு நீங்க எடுக்கத் தேவல்ல" எண்டு சொல்லிருங்க. ரெண்டு பேர் எழும்பிப் போவாங்க, போகட்டும்.

இப்ப பேனர். அமெரிக்க அங்கீகாரம் எண்டு போட்டா அந்த நாட்டு அரசாங்கம் உங்களுக்கு அனுமதி தந்த மாதிரி அர்த்தம் வரும், அது பொய். அதோட ஊர்ல இப்படிப் பெரிய பேர் போட்டு வந்த ஆக்கள்ட்ட காசு குடுத்துப் பட்ட சனம் நிறைய, பேனரப் பாத்தாலே எட்டத்தில போவாங்க. பிரிண்டிங் கடைல அட்வான்ஸ் குடுத்திருந்தா, அந்தக் காசுக்கு "ஈபிஎப் பாக்கக்குள்ள கேக்க வேண்டிய அஞ்சி கேள்வி" எண்டு ஒரு பக்கத் துண்டு ஐநூறு அடிச்சி வாங்குங்க, பின்பக்கத்தில உங்கட நம்பர்.