பால் கணக்கும் குவெரியும் – கடிதம்

வணக்கம் சார்,

ஈரோட்டில் ஒரு நிறுவனத்தில் நிர்வாகத்துக்கான எம்ஐஎஸ் ரிப்போர்ட் எடுக்கும் வேலையில் நான்கு வருடமாக இருக்கிறேன். பி.காம். படித்தவன். டேட்டாபேஸிடம் கேள்வி (குவெரி) கேட்டு விவரம் எடுக்கும் எஸ்க்யூஎல் மொழியில் செலக்ட், ஜாயின், குரூப் பை எல்லாம் தினமும் எழுதுகிறேன். வீடியோ கோர்ஸ் இரண்டு முடித்து சர்டிஃபிகேட்டும் வாங்கிவிட்டேன். சென்ற மாதம் ஒரு இன்டர்வியூவில் ‘ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் இரண்டாவது அதிக சம்பளம் யாருக்கு?’ என்றார்கள். தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அடுத்து, ‘தொடர்ந்து மூன்று நாள் லாகின் செய்தவர்களை எடுங்கள்’ என்றார்கள். கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து விடையைத் தேடிப் படித்தேன், புரிந்தது. மறுநாள் அதை மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்த்தேன், வரவில்லை. ஆபீஸில் இருக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் விண்டோ ஃபங்ஷனை (வரிகளைச் சுருக்காமலே வரிசை எண், தொடர் கூட்டல் போன்றவற்றைப் போடும் வசதி) முயன்றால் எர்ரர்தான் வருகிறது. அட்வான்ஸ்டு எஸ்க்யூஎல் கற்க இன்னொரு கோர்ஸ் சேரலாமா? நல்ல புத்தகம் உண்டா? ஏஐயே குவெரி எழுதித் தந்துவிடும்போது இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்கும் உங்கள் பதில் வேண்டும்.

(பெயர் வேண்டாம் சார்.)

அன்புள்ள நண்பருக்கு,

சுலபமான விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த எர்ரர் உங்கள் தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. மைஎஸ்க்யூஎல்லில் விண்டோ ஃபங்ஷன் வந்ததே 2018இல், 8.0 பதிப்பில்தான். உங்கள் ஆபீஸில் 5.7 ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற சர்வரை யாரும் தொடமாட்டார்கள், நம் ஊர் வழக்கம். எப்படியும் ஆபீஸ் சர்வரில் பழகாதீர்கள். உங்கள் லேப்டாப்பில் எஸ்க்யூலைட் போட்டுக்கொள்ளுங்கள். முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல், காசு கிடையாது, 3.25 பதிப்பிலிருந்து விண்டோ ஃபங்ஷனும் உண்டு. கொஞ்சம் பழகியதும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாறலாம்.

கோர்ஸ் வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. படித்தபோது புரிந்தது, மூடியதும் வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் படித்தது இன்னொருவர் போட்ட கணக்கின் விடை. அடுத்த கோர்ஸிலும் அதேதான் நடக்கும். வாத்தியார் குவெரியை ஓடவிடுவார், பதில் வரும், நீங்கள் தலையாட்டுவீர்கள். அந்தப் பதில் சரியா என்று பார்க்க வேண்டிய அவசியமே உங்களுக்கு வராது.

எனக்கு அந்த அவசியம் வந்த கதையைச் சொல்கிறேன். கோவைப் பக்கம் நூல் வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். பில் டேபிள், பில்லில் உள்ள சரக்குகளுக்கு ஒரு டேபிள், வந்த பணத்துக்கு ரசீது டேபிள். மூன்றையும் பில் நம்பரை வைத்து ஜாயின் செய்து, அதாவது இணைத்து, பார்ட்டிவாரியாக எவ்வளவு விற்றோம், எவ்வளவு வசூல் என்று ஒரு ரிப்போர்ட் போட்டேன். எர்ரர் இல்லை. நொடியில் ஓடியது. முதலாளிக்கு ஏக சந்தோஷம். கணக்குப்பிள்ளை மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘ஏனுங்க தம்பி, இத்தனை பணம் வசூலாயிருந்தா நான் எதுக்கு தெனமும் பார்ட்டிக்கு போன் போட்டுட்டு உக்காந்திருக்கேன்?’ என்றார்.

ஒரே ஒரு பில்லை எடுத்து நோட்டில் எழுதினோம். 5,000 ரூபாய் பில். அதில் மூன்று வகை நூல், ஆகவே சரக்கு டேபிளில் மூன்று ரோ, அதாவது மூன்று வரி. பார்ட்டி பணத்தை இரண்டு தவணையாகக் கொடுத்திருந்தார், 2,000, 3,000. ஆகவே ரசீது டேபிளில் இரண்டு ரோ. இரண்டையும் பில் நம்பரில் ஜாயின் செய்தால் ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு ரசீதோடும் கைகோத்துக்கொள்ளும். மூவிரண்டு ஆறு ரோ. வசூலைக் கூட்டினால் 15,000. விற்பனையைக் கூட்டினால் 10,000. சரக்கை ஒரு பக்கமும் ரசீதை ஒரு பக்கமும் பில்வாரியாக முதலில் சுருக்கிவிட்டு, பிறகு ஜாயின் செய்திருக்க வேண்டும். ஜாயின் என்றால் என்ன என்று அதுவரை யார் கேட்டாலும் வட்டம் போட்டு விளக்கியிருப்பேன். அன்று அந்த ஆறு ரோவையும் கையால் எழுதிய பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

ஆகவே நான் சொல்லும் பயிற்சி இவ்வளவுதான். குவெரி எழுதும் முன் விடையை நோட்டில் எழுதுங்கள். குறைந்தபட்சம் எத்தனை ரோ வரும் என்றாவது எழுதுங்கள். பிறகு ஓடவிடுங்கள். எண் பொருந்தாவிட்டால் அங்கே உட்காருங்கள், அந்த அரை மணி நேரம்தான் பாடம். விடையைக் கையால் போட முடிய வேண்டுமென்றால் டேபிள் சிறியதாக இருக்க வேண்டும். இருபது முப்பது ரோ போதும். அது உங்களுக்குத் தெரிந்த விஷயமாகவும் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி டேட்டாபேஸ்களில் எந்த ஊர்க் கடையிலோ யாரோ பாட்டு வாங்கியிருப்பார்கள், தொகை தப்பாக வந்தால் நமக்கு உறைக்காது.

உங்கள் வீட்டுக் காலண்டரை எடுங்கள். பால் வராத நாளில் அம்மா சுழித்து வைத்திருப்பார் இல்லையா? அந்தத் தேதிகளை ஒரு டேபிளில் போடுங்கள். பேச்சுக்கு 3, 4, 5, 8, 9, 12 என்று வைத்துக்கொள்வோம். கேள்வி: அதிகபட்சம் தொடர்ந்து எத்தனை நாள் பால் வரவில்லை? கண்ணால் பார்த்தாலே மூன்று நாள் என்று தெரிகிறது. இனி இதை டேட்டாபேஸுக்குச் சொல்ல வேண்டும். அதற்கோ ‘தொடர்ந்து’ என்ற சொல் தெரியாது.

தேதி வாரியாக வரிசை எண் கொடுங்கள், ரோ நம்பர் ஃபங்ஷன் அதைச் செய்யும். 1, 2, 3, 4, 5, 6. இப்போது தேதியிலிருந்து வரிசை எண்ணைக் கழியுங்கள். 2, 2, 2, 4, 4, 6. பார்த்தீர்களா? தேதி ஒவ்வொன்றாக ஏறும்வரை வரிசை எண்ணும் கூடவே ஏறுகிறது, வித்தியாசம் மாறுவதில்லை. நடுவில் நாள் விட்டுப்போனால் தேதி தாவுகிறது, வரிசை எண் தாவுவதில்லை, வித்தியாசம் மாறிவிடுகிறது. அந்த வித்தியாசத்தின் மேல் குரூப் பை போட்டு, அதாவது ஒரே வித்தியாசம் உள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்து, எண்ணினால் 3, 2, 1. மாதம் மாறினாலும் கவலையில்லை, முழுத் தேதியிலிருந்து அத்தனை நாளைக் கழித்தால் போதும். உங்கள் இன்டர்வியூ கேள்வியும் இதேதான். ஒவ்வொரு பயனாளருக்கும் தனித்தனியே வரிசை எண் போடப் பார்ட்டிஷன் பை ஒன்று கூடும், குரூப் பையிலும் பயனாளர் சேர்வார், எண்ணிக்கை மூன்றுக்குக் குறையாதவர்களை ஹேவிங்கில் (குரூப்புகளுக்கு நிபந்தனை வைக்கும் பகுதி) எடுக்க வேண்டும். இந்த வித்தையை நான் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டதாக நினைத்துவிடாதீர்கள். காலண்டரை எடுத்து ஒருமுறை பென்சிலால் கழித்துப் பாருங்கள்.

அந்த இரண்டாவது சம்பளக் கேள்விக்கு விடை சொல்லும் முன் நீங்கள் ஒன்றைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்: முதலிடத்தில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது? 50,000, 50,000, 40,000 என்று மூன்று சம்பளம். ரோ நம்பர் 1, 2, 3 என்று தரும். ரேங்க் 1, 1, 3 என்று தரும், இரண்டாவது ஆளே இல்லை. டென்ஸ் ரேங்க் 1, 1, 2 என்று தரும். மூன்றுமே சரிதான், கேட்பவர் மனதில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் இன்டர்வியூ எடுக்கும் இடத்தில் உட்கார்ந்தால் குவெரியைவிட இந்தத் திருப்பிக் கேட்பதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.

பில்லுக்கும் ரசீதுக்கும் இதேபோல் சின்ன டேபிள் போடுங்கள், தயாரானதும் அதைக் கெடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு பில்லுக்கு ரசீதே இல்லாமல் விடுங்கள். லெஃப்ட் ஜாயின் போட்டு அந்தப் பில்லையும் கொண்டுவருவீர்கள், பிறகு வேர் (WHERE, எந்த ரோ வேண்டும் என்று சொல்லும்) பகுதியில் ரசீது தேதிக்கு ஒரு நிபந்தனை வைப்பீர்கள், அந்தப் பில் சத்தமில்லாமல் காணாமல்போகும். நிபந்தனை ஜாயினின் ஆன் (ON, எதை வைத்து இணைப்பது என்று சொல்லும்) பகுதிக்குள் போயிருக்க வேண்டும். ஒரே தேதியில் இரண்டு ரசீது போடுங்கள். தேதி வரிசையில் சேர்ந்துகொண்டே போகும் கூட்டுத்தொகை அந்த இரண்டு ரோவிலும் ஒன்றாகவே வரும். விண்டோ ஃபங்ஷன் நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரே மதிப்புள்ள ரோக்களை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. ரோ ரோவாகக் கூட்டு என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எங்காவது ஒரு நல் (NULL, மதிப்பே கொடுக்காமல் விட்ட இடம்) போடுங்கள். தீபாவளிக்கு ஆர்டர் கொடுக்காத பார்ட்டிகள் யார் என்று ஒருமுறை கேட்டார்கள். பார்ட்டி டேபிளிலிருந்து, ஆர்டர் டேபிளில் இல்லாதவர்களை ‘நாட் இன்’ போட்டு எடுத்தேன். ஒருவர்கூட இல்லை! எல்லோரும் வாங்கிவிட்டார்கள் என்று ஒரு மத்தியானம் முழுக்க நம்பினோம். ஆர்டர் டேபிளில் ஏதோ ஒரு ரொக்க விற்பனைக்குப் பார்ட்டி கோட் போடாமல் விட்டிருந்தார்கள். நல் என்றால் பூஜ்ஜியம் அல்ல, காலி அல்ல, ‘தெரியாது’. இந்தப் பட்டியலில் 57ஆம் நம்பர் பார்ட்டி இல்லைதானே என்று கேட்டால், பட்டியலில் ஒரு பெயர் தெரியாததாக இருக்கும்போது அது 57ஆகவும் இருக்கலாமே? ஆகவே பதில் ‘தெரியாது’. வேர் பகுதி ‘ஆம்’ என்பதை மட்டும்தான் உள்ளே விடும். அன்றிலிருந்து, பொருந்தும் ரோ இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’தான் எழுதுகிறேன்.

ஒரே கேள்விக்கு இரண்டு விதமாகக் குவெரி எழுதி, எக்செப்ட் போட்டு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம். இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும், ரோ எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் எக்செப்ட் இரட்டிப்பு ரோக்களை விழுங்கிவிடும்.

வேகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அட்வான்ஸ்டு என்றால் அதுவும் வரும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஜெனரேட் சீரீஸ் என்று ஒன்று உண்டு, அதை வைத்து 10 லட்சம் ரோவை நீங்களே உருவாக்கிவிடலாம். தேதி இருக்கும் நெடுவரிசையின் மேல் இன்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போன்றது) போடுங்கள். தேதியிலிருந்து வருடத்தைப் பிரித்தெடுத்து 2023க்குச் சமமா என்று ஒரு குவெரி. 2023 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 1க்கு முன்வரை என்று இன்னொன்று. இரண்டுக்கும் முன்னால் ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்’ போட்டு ஓட்டுங்கள், டேட்டாபேஸ் எந்த வழியில் தேடியது என்று அது காட்டும். பத்து வருடத் தேதிகளைப் பரப்பி வைத்திருந்தால் முதலாவது முழு டேபிளையும் துழாவும், இரண்டாவது இன்டெக்ஸைப் பிடித்துக்கொண்டு போகும். ஏன் என்பது ஐந்து நிமிடம் யோசித்தால் பிடிபடும். இதற்குமேல் இப்போது வேண்டாம்.

ஏஐ விஷயம். அது எழுதட்டும், நானும் எழுத வைக்கிறேன். ஆனால் என் 15,000 ரூபாய் குவெரியும் எர்ரர் இல்லாமல்தான் ஓடியது. அதைப் பிடித்தவர் ஒரு குவெரிகூட எழுதத் தெரியாத கணக்குப்பிள்ளை. சொல்லப்போனால் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் இந்த மொழியை சீக்வல் என்ற பெயரில் முன்வைத்தபோது, புரோகிராமர் அல்லாதவர்களும் பயன்படுத்த வேண்டும் என்பதும் அவர்கள் நோக்கம். பி.காம். படித்த நீங்கள் பற்று வரவு பார்த்தவர், அந்த வகையில் என்னைவிட ஒரு படி மேலே. அதைக் குறையாக எழுதியிருக்கத் தேவையில்லை.

புத்தகம் பிறகு சொல்கிறேன். முதலில் பால் டேபிளை முடியுங்கள். முடித்ததும் அதில் ஒரு காரியம் செய்யுங்கள். 4ஆம் தேதி காலைப் பாலும் வரவில்லை, மாலைப் பாலும் வரவில்லை என்று அந்தத் தேதியை இரண்டு ரோவாகப் போட்டு, அதே குவெரியை ஓட்டுங்கள். 3, 4, 5 என்ற தொடர் நடுவில் அறுந்துபோகும். எதனால் அறுந்தது என்பதைப் பென்சிலால் கழித்துக் கண்டுபிடியுங்கள். ஒட்டவைக்க வேண்டியதும் இந்தப் பதிலிலேயே இருக்கிறது. என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.