முழு மயக்க மருந்து முதியவர்களின் நினைவாற்றலைக் கெடுக்குமா?

முழு மயக்க மருந்து என்பது, மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைத் தற்காலிகமாக நிறுத்தி, அறுவை சிகிச்சையின் வலியை நோயாளி உணராமல் வைப்பது. இடுப்பெலும்பு முறிந்து நாகர்கோவிலில் அறுவை செய்துகொண்ட பாட்டி, மறுநாள் மகளையே தங்கை என்று அழைத்தால், வீட்டார் அந்த மருந்தைக் குறை சொல்வது இயல்பே.

ஆனால் காரணம் ஒன்றல்ல. காயத்தால் உடலெங்கும் எழும் அழற்சி மூளையையும் பாதிக்கிறது. வலி, தூக்கமின்மை, நீரிழப்பு, சில தூக்க மாத்திரைகள், ஏன், கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடிகூட அதனுடன் சேர்ந்துகொள்கிறது. பருவக்காற்றுக் காலத்தில் குளச்சலிலிருந்து கடலில் இறங்கும் புது வள்ளமும் பழைய வள்ளமும் ஒரே அலையைத்தான் வாங்குகின்றன. பலகை இற்றுப்போன வள்ளத்தில்தான் தண்ணீர் ஏறுகிறது. முன்பே மறதி தொடங்கியிருந்த மூளையும் அப்படித்தான்.

60 வயதைக் கடந்த 1,218 பேரிடம் நடத்தி 1998-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், அறுவைக்குப் பின் ஒரு வாரத்தில் சுமார் 26 சதவீதத்தினரிடம் காணப்பட்ட சிந்தனைத் தடுமாற்றம், மூன்று மாதங்களில் சுமார் 10 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே பழைய மறதியையும் எல்லா மாத்திரைகளையும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடியை அறுவை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள்.

முழு மயக்கத்துக்குப் பதிலாக, முதுகில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தால் இந்தக் குழப்பமே வராது என்று பலரும் நம்புகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், இரு முறைகளிலும் அது ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தது.