கூட வருபவன் கையில் துப்பாக்கி

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பள்ளி நாட்களில் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய சிடியில் 'தி திங்' என்ற கணினி விளையாட்டை விளையாடினேன். அதில் நம்மோடு கூட வரும் ஆட்கள் நடுங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள், கடைசியில் என்னையே சுட்டார்கள். எரிச்சலில் பாதியில் விட்டுவிட்டேன். இப்போது புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்களாம். மறுபடி விளையாடலாமா?

– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

விளையாடலாம். உங்களுக்கு எரிச்சல் தந்த அந்த ஆட்களுக்காகவே விளையாடலாம்.

இயக்குநர் ஜான் கார்ப்பென்டரின் அதே பெயர் கொண்ட 1982 படம் முடிந்த இடத்தில்தான் கதை தொடங்குகிறது. அண்டார்டிகாவில் எரிந்து கிடக்கும் தளத்துக்குக் கேப்டன் பிளேக் மீட்புக் குழுவோடு வருகிறார். அவர்தான் நீங்கள். எந்த உயிரையும் அச்சு அசலாக நகலெடுக்கும் ஒன்று அங்கே உலவுகிறது. பழுதான மின்பெட்டிக்கு என்ஜினியர் வேண்டும், காயத்துக்கு மருத்துவர் வேண்டும். ஆனால் உங்களை மனிதன் என்று அவர்கள் நம்பினால்தான் சொன்னதைச் செய்வார்கள். தோட்டா கொடுத்தால் நம்பிக்கை ஏறும். தவறி அவர்கள் மேல் சுட்டால் இறங்கும். அவர்கள் கண்முன்னே உங்கள் ரத்தத்தை நீங்களே சோதித்துக் காட்டவும் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தலைவன் தன்னை நிரூபிக்க வேண்டிய விளையாட்டுகள் இன்றும் குறைவு.

பிணங்களைப் பார்த்தால் அவர்கள் வெலவெலத்துப் போவார்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் இரவு பன்றி விரட்டப் போகிறவர்கள், துணைக்கு வருபவன் பயந்தாங்கொள்ளியா என்று முதலில் பார்ப்பார்கள் அல்லவா? துப்பாக்கி அவன் கையில் என்றால் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். அந்தக் கணக்குத்தான் இங்கேயும்.

குறை இல்லாமல் இல்லை. யார் எங்கே உருமாறுவான் என்பதைப் பல இடங்களில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். ரத்தச் சோதனையில் மனிதன் என்று வந்தவன் அடுத்த அறையிலேயே வெடித்து மாறினால் யாருக்குத்தான் கோபம் வராது? பிற்பாதியில் ராணுவ ஆட்களைச் சுட்டுத் தள்ளுவதே வேலையாகிவிடும், வெறும் சலிப்பு.

2002-இல் இதைச் செய்த கம்ப்யூட்டர் ஆர்ட்வொர்க்ஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. தொடங்கியிருந்த இரண்டாம் பாகமும் அதோடு போயிற்று. கூட வருபவர்களின் நம்பிக்கையை வைத்து ஆடும் இந்த முறையை மேலும் வளர்க்க ஆள் இல்லாமல் போனது பெரிய இழப்பு. 2024 டிசம்பரில் புதுப்பித்தவர்கள் நைட்டைவ் ஸ்டுடியோஸ்.

சரி, ஒரு யோசனை. பெரிய உருவங்களை முதலில் சுட்டுத் தளர்த்துங்கள், அப்புறம்தான் தீ. வெளியே பனியில் அதிக நேரம் நிற்காதீர்கள், குளிரே கொன்றுவிடும். ராணுவ ஆட்கள் வரத் தொடங்கியதும் அலுப்பாக இருந்தால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.

அன்புடன்.